கூட யார் வந்திருக்கா?

அந்தக் கவரை மேல வைக்காதீங்க அண்ணாச்சி, வளைஞ்சிரும். மடியில வச்சுக்கிடுங்க. ஸ்கேன் படம் மடங்கிப்போச்சுன்னா டாக்டர்மாருக்குக் கோவம் வரும்.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கீங்களா? கவர் மேலேயே எழுதிருக்கே. எழுதலைன்னாலும் தெரிஞ்சிருக்கும். பஸ் எடுக்குறதுக்குள்ள ரெண்டு தடவ கழிப்பறைக்குப் போயிட்டு வந்தீங்க. ரெண்டாந்தடவ வந்தப்ப உங்க முகத்தப் பாத்தேன். போயும் வரலைன்னா முகம் அப்படித்தான் இருக்கும்.

பயாப்ஸி எடுக்கணும்னு சொல்லிட்டாங்களா? அடுத்த வாரமா. சரி, சரி.

தூத்துக்குடிதானே? நானும் அங்கனதான் போறேன். நல்லதாப் போச்சு, போறதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லிருதேன். ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கேட்டீங்களா, ஒண்ணுமே இல்ல. நான் பயப்படுத ஆளு இல்ல, அதனால நான் சொன்னா நீங்க நம்பலாம். அம்பாசமுத்திரத்துல டிரில் மாஸ்டரா இருந்தவன். கொம்பையா சார்னா தெரியாத ஆளு கிடையாது. எத்தன பயலுவள மைதானத்தச் சுத்தி ஓட விட்டிருப்பேன்! ரிட்டையர் ஆகியாச்சு, இன்னும் காலம்பற தண்டால் எடுக்கேன். பயாப்ஸி முடிஞ்சு கொஞ்ச நாளைக்கு மட்டும் எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நீங்களும் எடுக்காதீங்க. குடம் தூக்குறது, சைக்கிள் மிதிக்கிறது ஒண்ணும் வேண்டாம்.

எனக்கு எப்படி ஆரம்பிச்சதுன்னா, குழாயில.

சிரிக்காதீங்க. நிசமாத்தான் சொல்லுதேன். ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுட்டு பாத்ரூமுக்குப் போறேன். நிக்கேன், நிக்கேன், வரமாட்டேங்கு. வெளிய அரசி இருக்கா. மங்கையர்க்கரசி, என் வீட்டுக்காரி. அவளுக்கு என்ன சத்தம் கேக்கும், என்ன சத்தம் கேக்காதுன்னு மனசுல ஒரு இது. என் கை பாட்டுக்குப் போயி குழாயத் தொறந்து விட்டுச்சு. தண்ணி வாளியில விழுது. அந்தச் சத்தத்தக் கேட்டதும் எனக்கு ஒடம்பு புல்லரிச்சுப்போச்சு அண்ணாச்சி. ஏன்னா அது எங்க அப்பா செய்யுதது.

அப்பா கடைசி வருசத்துல அப்படித்தான். பாத்ரூமுக்குப் போனா கதவச் சாத்துன ஒடனே குழாயத் தொறந்துருவாவ. வாளி நெறஞ்சு வழியும். மோட்டார் போட்டுப் போட்டு எனக்குக் கோவம் வரும். "யப்பா, தண்ணிய வீணாக்காதீங்க"ன்னு வெளிய நின்னு கத்துவேன். அரை மணி நேரம் கழிச்சு வெளிய வருவாவ, மொகமெல்லாம் வேர்த்துப்போயி. எதுக்குத் தொறக்காவன்னு எனக்கு அன்னைக்குத் தெரியல. எங்க யாருக்கும் தெரியல.

அப்பா பேரு சொரிமுத்து. ரைஸ்மில்லுல மெசின் ஓட்டுனவுக. குறுக்கு வலியிலதான் போனாவ. குறுக்கு வலின்னா சாதாரண வலி இல்ல, அடிமுதுகப் பிடிச்சுக்கிட்டு உக்கார விடாது, படுக்க விடாது. நான்தான் பாத்துக்கிட்டேன், ஒத்த ஆளா. அண்ணன் ஒருத்தன் இருக்கான், பலவேசம்னு பேரு. தூத்துக்குடி ஹார்பர்ல வேலை. மாசத்துக்கு ஒருக்க வருவான். வாசப்படியில நின்னு அப்பாவப் பாப்பான். உள்ள கூட வரமாட்டான் அண்ணாச்சி. நின்னு பாத்துட்டு, பழத்த வச்சுட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவான். ஒரே ஒரு தடவ, கடல் காத்து ஒடம்புக்கு நல்லதுன்னு அப்பாவத் தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போனான். ஒரு வாரம். அவ்வளவுதான், திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டான். வச்சுப் பாக்க முடியலை.

நான் அப்படி விட்டுரல. முதுகுக்கு எக்சர்சைஸ் சொல்லிக்குடுத்தேன். அது என் படிப்பாச்சே. தினம் காலம்பற பின்னால துணி காயப்போடுத எடத்துல நிக்க வச்சு, குனிஞ்சு நிமிரச் சொல்லுவேன். நான் எண்ணுவேன், அவுக குனிவாவ. பல்லக் கடிச்சுக்கிட்டுச் செய்வாவ. "இன்னும் ஒண்ணுப்பா, இன்னும் ஒண்ணே ஒண்ணு"ன்னு சொல்லிச் சொல்லியே செய்ய வைப்பேன். ஒரு நாள் கூட மாட்டேன்னு சொன்னதில்ல. சொன்ன பேச்சுக் கேப்பாவ. இப்பம் உள்ள பயலுவ கேப்பானுவளா?

செத்த அன்னைக்கு அண்ணன் வந்தான். பெரியவன்தானே கொள்ளி வைக்கணும், தோள்ல துண்டப் போட்டுட்டு நிக்கான். நான் விடல. "வாசப்படியில நின்னு பாத்தவன் எல்லாம் கொள்ளி வைக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டேன், ஊரே நிக்கும்போது. துண்ட எடுத்து எங்கிட்டக் குடுத்தான். நான்தான் வச்சேன். அதோட பேச்சு வார்த்தை இல்ல. அவன் பிள்ளைய கல்யாணத்துக்கு நானும் போகல, என் மகன் கல்யாணத்துக்கு அவனும் வரல.

எதுக்கு இதச் சொல்லுதேன்னா, யூராலஜி டாக்டர் மொதல்ல கேட்டது இதத்தான். உங்ககிட்டயும் கேட்டிருப்பாரு. ரத்தத்துல பி.எஸ்.ஏ.ன்னு ஒண்ணு கூடிருக்கு, ஸ்கேன்ல ஒரு நெழல் தெரியுது, பயாப்ஸி எடுத்துப் பாத்துருவோம்னாரு. நெழல்ங்கிற வார்த்தையச் சொல்லாம இருந்திருக்கலாம். அப்புறம், "வீட்டுல யாருக்காவது ப்ராஸ்டேட் சுரப்பியில தொந்தரவு இருந்துச்சா?"ன்னாரு.

"இல்ல சார்."

"அப்பா எதுல தவறுனாரு?"

"குறுக்கு வலி சார்."

எழுதிக்கிட்டு இருந்தவரு பேனாவ நிறுத்திட்டாரு. "குறுக்கு வலியா? ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருந்துச்சா?"

எனக்குக் குழாய் ஞாபகம் வந்துச்சு. சொல்லல. "தெரியாது சார்"ன்னேன்.

"கூடப் பொறந்தவங்க, ஆம்பளைங்க யாரும் உண்டா?"

"ஒருத்தன் உண்டு. ஆனா இல்ல."

அவரு என்னையப் பாத்தாரு. "அவரையும் ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க"ன்னாரு.

அங்கன இருந்துதான் அப்பா என் கூட வர ஆரம்பிச்சாவ.

பேயி பிசாசுன்னு சொல்லல அண்ணாச்சி, எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கட்டில்ல சாஞ்சிருப்பேன். பாத்ரூம்ல குழாய் ஓடும். அரசிதான் துணி தொவைக்கான்னு நெனைப்பேன். கொஞ்ச நேரம் கழிச்சு அரசி முன்வாசல்ல பக்கத்து வீட்டுக்காரிகிட்டப் பேசுத சத்தம் கேக்கும். எந்திரிச்சுப் போயிப் பாப்பேன். குழாய் மூடிருக்கும். தரை காஞ்சிருக்கும். திரும்பி வந்து படுத்தா மறுபடியும் ஓடும். பிளம்பரக் கூட்டியாந்து வாசர் மாத்தச் சொன்னேன். "சார், வாசர் நல்லாத்தான் இருக்கு"ன்னான். மாத்துலேன்னு மாத்தச் சொன்னேன்.

சரி, விசயத்துக்கு வாறேன். போறதுக்கு முன்னால என்ன செய்யணும்னா, ரத்தம் இளகுறதுக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுதீங்களா? இதயத்துக்கு? அப்ப அத டாக்டர்ட்ட கட்டாயம் சொல்லணும். எப்ப நிறுத்தணும்னு அவரு சொல்லுவாரு, நீங்களா நிறுத்திரக் கூடாது. ஒண்ணுக்குல கிருமி இருக்கான்னு டெஸ்ட் பாப்பாங்க. ஆன்டிபயாட்டிக் குடுப்பாங்க, நேரம் தவறாமச் சாப்பிடணும். அன்னைக்குக் காலம்பற எனிமா குடுத்து வயித்தக் காலி பண்ணுவாங்க. அது ஒரு மாதிரியாத்தான் இருக்கும். நர்ஸ் பிள்ளைய எல்லாம் நம்ம பேத்தி வயசு. "தாத்தா, கூச்சப்படாதீங்க"ங்கும்.

அப்புறம் முக்கியமா, கூட ஆளு வேணும். தனியாப் போனா எடுக்க மாட்டாங்க.

எனக்கு அங்கனதான் சிக்கல். அரசிகிட்ட நான் சொல்லவே இல்ல. அவ பயந்த சுபாவம். தாங்க மாட்டா. மகன் ஓசூர்ல இருக்கான், அவன்ட்ட சொன்னா அடுத்த நிமிசம் அம்மாகிட்ட சொல்லிருவான். கவுண்டர்ல இருந்த பொண்ணு கேக்கா, "கூட யார் வருவா?" நான் முழிக்கேன். பழைய ஹெட்மாஸ்டரச் சொல்லலாமா, பக்கத்து வீட்டுக்காரரச் சொல்லலாமா? ஊரு பூரா பேசும். அந்தப் பொண்ணு மறுபடியும், "சார், கூட யார் வருவா?"ங்கா. என் வாயில, "அண்ணன்"னு வந்துட்டு.

ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு போன் போட்டேன். நம்பர் மகன் கல்யாணப் பத்திரிகை அனுப்புனப்ப வாங்கி வச்சது. பத்திரிகை மட்டும் அனுப்பிருந்தோம். எடுத்தான். "நான்தான்"னேன். "ஒரு டெஸ்ட் எடுக்காங்க. கூட ஆளு வேணுமாம்"னேன்.

"எந்த ஆஸ்பத்திரி?"ன்னான். அவ்வளவுதான். என்ன டெஸ்ட்டு, எதுக்கு, ஒரு கேள்வி கிடையாது. அதுலயும் எனக்குக் கோவம்தான். ஒரு தம்பிக்கு என்னன்னு கேக்க மாட்டானா?

அன்னைக்கு நான் போறதுக்கு முன்னாலேயே வந்து உக்காந்துருக்கான். பிளாஸ்க்குல வெந்நி, மாத்து வேட்டி ரெண்டு, ஒரு பழைய டவல். ஒண்ணுக்கு ரெண்டு வேட்டி எதுக்குன்னேன். "கறை படும்"ன்னான். இவனுக்கு எப்படித் தெரியும்னு எனக்கு அப்ப தோணல. தலை முழுக்க நரைச்சுப்போச்சு. நான் அவன் மொகத்தப் பாக்கல. நர்ஸ் வந்து, "கூட யார் வந்திருக்கா?"ன்னு கேட்டதும், "நான்தான்மா, அண்ணன்"னு எந்திரிச்சு நின்னான். கையெழுத்துப் போட்டான்.

உள்ள போனா என்னன்னு சொல்லுதேன். மூஞ்சிய அப்படி வைக்காதீங்க. எடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கணும், சொவரப் பாத்து. முழங்கால நெஞ்சு வரைக்கும் மடக்கச் சொல்லுவாங்க. பின்பக்கமா ஒரு குழல் மாதிரி விட்டு ஸ்கேன் பாப்பாங்க. வலின்னு சொல்ல முடியாது, சங்கடம். அவமானமா இருக்கும். அப்புறம் மரத்துப்போக ஊசி. அது சுருக்குன்னு இருக்கும். அப்புறம் ஒரு துப்பாக்கி மாதிரி கருவி. டாக்டர் அதோட சத்தத்த முன்னாலயே கேக்க வச்சாரு. டக். "இந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடாதீங்க, அசையக் கூடாது"ன்னாரு. டக்னு சத்தம், உள்ள யாரோ சுண்டிவிட்ட மாதிரி இருக்கும். ஒரு நூலு போல சதைய எடுத்துருவாங்க. அதே மாதிரி பத்துப் பன்னெண்டு எடத்துல. பதினஞ்சு இருவது நிமிசத்துல முடிஞ்சிரும்.

மொத மூணு நாலு எனக்கு ஒண்ணும் தெரியல. சொவத்துல பெயிண்டு ஒரு எடத்துல உரிஞ்சிருந்தது, அதப் பாத்துக்கிட்டு இருந்தேன். பழக்கத்துல உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டு இருக்கேன். அஞ்சு. ஆறு. அப்பதான் தலமாட்டுல ஆளு நிக்குத மாதிரி இருந்தது. நர்ஸ்னு நெனச்சேன். நர்ஸ் கால்மாட்டுல நின்னு டாக்டருக்கு எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கா, அவ குரல் அங்கன கேக்கு. பொறவு இது யாரு?

ஏழாவதுல வலிச்சுது. மரப்பு அந்த எடத்துல சரியாப் பிடிக்கல போல. பல்லக் கடிச்சேன். டாக்டர், "இன்னும் கொஞ்சந்தான் ஐயா"ன்னாரு. தலமாட்டுல இருந்து ஒரு குரல், மெதுவா, காதுக்குப் பக்கத்துல, "இன்னும் ஒண்ணுல"ங்குது. டக். "இன்னும் ஒண்ணே ஒண்ணு." டக். கோவமா இல்ல அண்ணாச்சி. ஏசுத மாதிரியோ குத்திக்காட்டுத மாதிரியோ இல்ல. பிள்ளைக்கு மருந்து குடுக்கும்போது சொல்லுவாங்கள்லா, அந்த மாதிரி. வேர்வையும் பீடியும் உமியும் கலந்து மில்லு வாடை ஒண்ணு உண்டு. அந்த ரூம்புல அது எப்படி வரும்? எல்லாம் டெட்டால் போட்டுக் கழுவுன எடம். திரும்பிப் பாத்துருக்கலாம். அசையக் கூடாதுன்னு சொல்லிருக்காங்களே, அதனாலதான் பாக்கல. வேற ஒண்ணுமில்ல.

முடிச்சுட்டு டாக்டர், "நல்லாத் தாங்குனீங்க"ன்னாரு. கண்ணுல தண்ணி வழிஞ்சு தலகாணி நனைஞ்சிருந்தது. ஏசி காத்து நேரா மொகத்துல அடிச்சுது, அதனால.

வார்டுல கொண்டுவந்து போட்டாங்க. ஒண்ணுக்குப் போனாத்தான் வீட்டுக்கு விடுவாங்க. அது ஏன்னா, சில பேருக்கு வீங்கி அடைச்சுக்கிடும். அதனால நெறயத் தண்ணி குடிங்கன்னாங்க. அண்ணன் தம்ளர் தம்ளரா ஊத்திக் குடுக்கான். குடிக்கேன், படுக்கேன். சாயங்காலம் ஆவப்போவுது. பாத்ரூமுக்குப் போனேன். கதவத் தாப்பா போடாதன்னு நர்ஸ் சொல்லிருந்தா, மயக்கம் வந்தாலும் வரும்னு. சும்மா சாத்துனேன். நிக்கேன். வரல. கை போயிக் குழாயத் தொறந்துச்சு.

வெளிய இருந்து அண்ணன், "ஏலே, குழாய மூடு"ங்கான்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிட்டு. "என்னத்துக்கு?"ன்னேன்.

"மூடுல. எனக்குக் கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

"ஒனக்கு ஒண்ணுக்குப் போகுதான்னு எனக்குக் கேக்கணும். அவுகளும் இதே மாதிரி தொறந்து விட்டுட்டு உள்ள நின்னாவ. போகுது போகுதுன்னு நான் வெளிய உக்காந்திருந்தேன். மூடு."

நான் மூடிட்டேன். அந்த எடம் அப்படியே அமைதியாயிட்டு. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேக்கு. எவ்வளவு நேரம்னு தெரியல. அப்புறம் வந்துச்சு. செவப்பா. பயப்படக் கூடாது, செவப்பாத்தான் வரும். தண்ணி குடிக்கக் குடிக்க வெளுத்துரும். கட்டி கட்டியா வந்தாலோ, ஒண்ணுக்கு அடைச்சாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ மட்டும் ராத்திரி பகல் பாக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடிறணும். மத்தபடி மலத்துலயும் ரெண்டு மூணு நாளு தெரியும். அப்புறம், அந்த... வீட்டுக்காரியோட இருக்கும்போது வர்றதுலயும் கொஞ்ச வாரத்துக்குச் செவப்போ துரு நெறமோ தெரியும்னு டாக்டர் சொன்னாரு. நம்ம வயசுல எதுக்கு அந்தப் பேச்சுன்னு வச்சுக்கிடுங்க. ஆனா சொல்லிட்டேன்.

வெளிய வந்து அண்ணன்ட்ட கேட்டேன். "அவுகளும் உள்ள நின்னாவன்னா? எங்கன? எப்ப?"

கட்டிலுல உக்கார வச்சுட்டுச் சொன்னான். கடல் காத்துக்குன்னு கூட்டிட்டுப் போனான்லா, அது கடல் காத்துக்கு இல்லையாம். மாசாமாசம் வந்து பாக்கும்போது அப்பா நடக்குத நட அவனுக்குச் சரியாப் படலையாம். தூத்துக்குடியில பெரிய டாக்டர்ட்ட காட்டிருக்கான். இதே பயாப்ஸி எடுத்திருக்காங்க. அதனாலதான் ரெண்டு வேட்டி. ப்ராஸ்டேட்ல தொடங்கி முதுகெலும்பு பூரா பரவியாச்சு, இனிமே வலிக்குத்தான் மருந்துன்னுட்டாங்களாம். ஆஸ்பத்திரி வாசல்ல வந்து அப்பா இவன் கையப் பிடிச்சுச் சொல்லிருக்காவ. "சின்னவன்கிட்டச் சொல்லாத. அவன் பயந்தவன், தாங்க மாட்டான். குனிஞ்சு நிமிந்தா சரியாயிரும்னு நம்பிக்கிட்டு இருக்கான். அவன் எண்ணட்டும். நான் குனிஞ்சுக்கிடுதேன்."

இதுக்கு அண்ணன் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கான்.

"அப்புறம் ஏன்ல உள்ள வராம வாசப்படியிலயே நின்ன?"ன்னேன்.

"உள்ள வந்தா அழுதுருவேன். நீ கண்டுபிடிச்சுருவ"ன்னான்.

கேட்டீங்களா கதைய? நான் பயந்தவனாம். நானு! அப்பாவுக்கு வயசாயிட்டு, ஏதோ ஆளு மாத்திச் சொல்லிருக்காவ. இவனப் பாத்துச் சொல்ல வேண்டியது. அழுதுருவேன்னு வாசப்படியில நின்னது யாரு? நான் அழுதேனா? ஒரு நாளு அழுதேனா?

ஆனா ஒண்ணு அண்ணாச்சி. முதுகெலும்பு பூரா அப்படி இருக்கும்போதும் ஒரு நாள் தவறாம என் எக்சர்சைஸ செஞ்சிருக்காவன்னா, அப்பாவுக்கு அது மேல எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கணும். பாருங்க. அதுல ஏதோ சொகம் கெடச்சிருக்கணும். இல்லாட்டிச் செய்வாவளா? சொல்லுங்க. செய்வாவளா?

என்ன, ஏன் அப்படிப் பாக்கீங்க?

சன்னல கொஞ்சம் ஏத்தி விடுங்க. வல்லநாடு தாண்டிட்டா? காத்து நல்லா அடிக்கு.

அன்னைக்கே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டேன். அரசிகிட்ட, ரிட்டையர் ஆனவங்க மீட்டிங்குன்னு சொல்லிருந்தேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வேட்டியில லேசாக் கறை இருந்தது, நான் தொவைக்கணும்னு வாளிக்குள்ள முக்கி வச்சிருந்தேன். பாத்தா அவ எடுத்துத் தொவைச்சுக் காயப்போட்டுட்டா. ஒண்ணும் கேக்கல. கவனிச்சிருக்க மாட்டா, கண்ணு சரியாத் தெரியாது. அந்த வாரம் பூரா, "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க"ன்னு செம்பத் தூக்கிட்டுப் பின்னாலயே வந்தா. வெயில் காலம்லா. ராத்திரி எந்திரிச்சு என் நெத்தியில கை வச்சு வச்சுப் பாத்தா. கொசுக் கடிக்குதான்னு பாப்பா போல. பாவம், வெள்ளந்தி.

நீங்க வீட்டுல சொல்லிட்டீங்களா? சொல்லிருங்க அண்ணாச்சி. மறைக்கக் கூடாது.

ரிசல்ட்டுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்த நாளுதான் கொடுமை. ஊசி எல்லாம் ஒரு வலியே இல்ல. மத்தியானம் ஆனா குழாய் ஓடுது. அண்ணன் சொன்னதக் கேட்ட பெறகு சத்தம் நின்னுரும்னு நெனச்சேன். நிக்கல. முன்னால எந்திரிச்சுப் போயிப் பாப்பேன், இப்பம் போறதில்ல. படுத்துக் கெடந்து கேப்பேன். சில நாளு, "யப்பா, மூடுங்கப்பா, எனக்குக் கேக்கணும்"னு சொல்லிப் பாத்தேன், மெதுவா. அரசி அடுப்பங்கரையில இருந்து, "என்னங்க?"ன்னா. ஒண்ணுமில்லன்னேன்.

ரிசல்ட் வந்துச்சு. எனக்கு ஒண்ணுமில்ல. வீக்கந்தான், புத்துநோய் இல்ல. ஆனா விட்டுரக் கூடாது, ஆறு மாசத்துக்கு ஒருக்க ரத்தம் பாக்கணும்னாரு டாக்டர். தனியாத்தான் போயிருந்தேன். வெளிய வந்து ஒரு காப்பி குடிச்சேன். சந்தோசமா இருக்கணும்லா? ஊருக்குப் போற பஸ் ரெண்ட ஏறாம விட்டுட்டேன். கூட்டமா இருந்துச்சு, அதனாலதான்.

அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சுதது மட்டும் கேட்டுச்சு. "டாக்டர் ஒன்னையும் பாக்கச் சொல்லுதாரு"ன்னேன். "எனக்கு என்னத்துக்குலே, நான் நல்லாத்தான் இருக்கேன்"னான். நான் விடல. தினம் போன் போட்டேன். பேசாம இருந்த வருசத்துக்கெல்லாம் சேத்துப் பேசியாச்சு. "ஒரு ரத்த டெஸ்ட்டுதான், எடுத்தா என்ன"ன்னு ஏசுனேன். கடைசியில எடுத்தான். எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. பயாப்ஸியும் எடுத்தாச்சு, போன வாரம். அவன் மருமகன்தான் கூடப் போனான். நான் வாறேன்னு சொன்னதுக்கு, "நீ இப்பதான் பட்டுட்டு வந்திருக்க, அந்த ரூம்ப மறுபடி பாக்க வேண்டாம்"னுட்டான்.

நாளைக்கு ரிசல்ட். அதுக்குத்தான் போறேன். நேத்து அவன் போன் போட்டு, டாக்டர் ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாரு, ரிசல்ட் வாங்க வரும்போது கூட ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாருங்கான். "நீ வாறியால?"ன்னான்.

எனக்கு ரிசல்ட் சொன்னப்ப கூட ஆளக் கூட்டிட்டு வரச் சொல்லி யாரும் சொல்லல அண்ணாச்சி.

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வழக்கம் மாறும், இல்லையா? தூத்துக்குடியில எல்லாரையும் அப்படித்தான் வரச் சொல்லுவாங்க போல. நீங்க தூத்துக்குடிக்காரரு, உங்களுக்குத் தெரியும்லா? அங்கன அப்படித்தானே?

சரி, விடுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, அதுக்கு ஏன் தலையக் குனியுதீங்க.

பஸ் ஸ்டாண்டு வந்துட்டு. ஆட்டோவுல வந்துருதேன், நீ வீட்டுலயே இருன்னு அவன்ட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அந்தா நிக்கான், பாருங்க. கடை ஓரத்துல, நீலச் சட்டை. ஒரு மாசத்துக்குள்ள சட்டை தொளதொளன்னு ஆயிட்டு. ஒவ்வொரு பஸ்ஸா எட்டி எட்டிப் பாக்கான். ஆ, பாத்துட்டான். சிரிக்கான் அண்ணாச்சி. இவன் எதுக்கு இப்பச் சிரிக்கான்?

எல்லாரும் எறங்குதாங்க. நீங்க எறங்குங்க, நான் வாறேன்.

இல்ல, கொஞ்சம் நில்லுங்க. இவ்வளவு நேரம் உக்காந்தே வந்தேன்லா, கால் ரெண்டும் மரத்துப்போச்சு. தரையில ஊன வரமாட்டேங்கு. பயமெல்லாம் இல்ல. அவன் இங்கனயேதான் பாத்துக்கிட்டு இருக்கான், நான் எறங்கலைன்னா பஸ்ஸுக்குள்ள ஏறி வந்துருவான்.

கொஞ்சம் கையக் குடுங்க அண்ணாச்சி.